இயந்திரம் பிடித்த சிகரெட்டும் மனிதர் பிடிக்கும் சிகரெட்டும்



மாடிப்படியில் சிகரெட் நாற்றம் என்பது நம் புகார்ப் புத்தகத்துக்குப் புதிதல்ல. அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு பதில்கள் வரும். "நான் பிடிக்கிறது லைட்ஸ் சார், அதுல என்ன இருக்கு?" என்பது ஒன்று. "பால்கனியிலதானே பிடிக்கிறேன், யாருக்கு என்ன?" என்பது மற்றொன்று. இப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அப்படி நம்புவதற்கு அவர்களுக்குக் காரணம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் காரணம் எங்கே, எப்படி உருவானது என்பதுதான் இந்த இதழின் வரலாற்றுப் பக்கம். புகை பிடிக்கும் நண்பர்கள் இதைத் திட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கதையில் அதிகம் ஏமாற்றப்பட்டவர்கள் நீங்கள்தான்.

1950-ஆம் ஆண்டு, லண்டனில் ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் ஆகிய இருவரும், அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் வைண்டர், எவார்ட்ஸ் கிரஹாம் ஆகிய இருவரும் தனித்தனியே ஆராய்ந்து ஒரே முடிவை வெளியிட்டார்கள். நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகரெட் பிடித்தவர்கள். இந்தக் கிரஹாம் பெயர் பெற்ற நுரையீரல் அறுவை மருத்துவர். அவரே நிறைய சிகரெட் பிடித்தவர். ஆராய்ச்சியின் முடிவைப் பார்த்து நிறுத்தினார். ஆனாலும் 1957-ல் அதே நோயில் இறந்தார்.

1953-ல் வைண்டரும் கிரஹாமும் இன்னொன்று செய்தார்கள். சிகரெட் புகையில் படியும் பிசினை, அதாவது தாரை, எலிகளின் முதுகில் தடவினார்கள். எலிகளுக்குப் புற்றுக் கட்டிகள் வந்தன. செய்தி நாளிதழ்களில் வந்ததும் சிகரெட் நிறுவனங்கள் ஆடிப்போயின. 1954 ஜனவரி 4 அன்று அமெரிக்காவின் 400-க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் முழுப்பக்க அறிக்கை ஒன்றை அவை சேர்ந்து வெளியிட்டன. மக்களின் உடல்நலமே எங்களுக்கு முதன்மை, ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறோம் என்பது அதன் சாரம். அறிக்கை ஒரு பக்கம் இருக்க, கடையில் வேறொன்று நடந்தது. சிகரெட்டின் நுனியில் பஞ்சு வந்தது.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு சார்மினார் காலம் நினைவிருக்கும், பஞ்சில்லாத சிகரெட். அமெரிக்காவிலும் 1950-ல் விற்றவை கிட்டத்தட்ட எல்லாமே அப்படித்தான். 1960-க்குள் அங்கே பாதி சிகரெட்டுகள் பஞ்சு வைத்தவை ஆகிவிட்டன. பத்தே ஆண்டுகளில் ஒரு நாட்டின் பழக்கம் மாறியது, பயத்தால். பயத்தோடு வாங்குபவரிடம் எதையும் விற்கலாம் என்பதற்கு இரண்டு சான்றுகள் சொல்கிறேன். 1952-ல் வந்த கென்ட் சிகரெட்டின் பஞ்சு மிகப் பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்தார்கள். 1956 வரை அந்தப் பஞ்சுக்குள் இருந்தது நீல ஆஸ்பெஸ்டாஸ், புற்றுநோய் உண்டாக்கும் இழை! இரண்டாவது, ரெனால்ட்ஸ் நிறுவனத்தின் வேதியியலாளர் கிளாட் டீக் 1953-ல் முன்வைத்த யோசனை. புகை பட்டதும் பஞ்சு தானே நிறம் மாறும்படி ஒரு பொருளைச் சேர்த்துவிட்டால், அது நன்றாக வடிகட்டுகிறது என்று பிடிப்பவர் நம்புவார் என்பதுதான் அந்த யோசனை. பஞ்சு பழுப்பாவதைப் பார்த்து "பாருங்க, எவ்வளவு அழுக்கு நிக்குது" என்று சொல்லும் பழக்கம் நம்மிடமும் உண்டு.

பஞ்சு எதையுமே நிறுத்துவதில்லை என்று சொல்லவில்லை. புகையில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, மிக நுண்ணிய பிசின் துளிகள். பஞ்சில் ஒட்டிக்கொள்பவை இவற்றில் ஒரு பங்கு. மற்றொன்று வாயுக்கள். கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு, கண்ணை எரிக்கும் அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு, பென்சீன் என்று பட்டியல் நீளும். சாதாரணப் பஞ்சு கார்பன் மோனாக்சைடைத் தடுப்பதில்லை. தேங்காய்த் துணியில் காற்றை வடிகட்ட முயல்வது போலத்தான் அது. 1963-ல் அமெரிக்காவில் லார்க் என்ற சிகரெட் கரித்தூள் கலந்த பஞ்சோடு வந்தது. கரித்தூள் சில வாயுக்களைப் பிடித்து வைக்கும். கார்பன் மோனாக்சைடு அதிலும் நிற்காது.

இந்த வாயு நிறமும் வாசனையும் இல்லாதது. நம் ரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு இது உயிர்வளியைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்ட இடத்தில் உயிர்வளிக்கு இடமில்லை. 1890-களில் ஸ்காட்லாந்து உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன் இதைத் தானே சுவாசித்து, தன் ரத்தத்தை எடுத்துச் சோதித்து எழுதிவைத்தார். நிலக்கரிச் சுரங்க வெடிப்புகளில் இறந்தவர்களில் பலரைக் கொன்றது தீயல்ல, இந்த வாயுதான் என்று காட்டியவரும் அவரே. சுரங்கத்துக்குள் சிறு பறவைகளைக் கூண்டில் கொண்டுபோகும் வழக்கம் அவருடைய பரிந்துரையில் வந்தது. புகை பிடிக்காத ஒருவரின் ஹீமோகுளோபினில் இந்த வாயு பிடித்திருக்கும் பங்கு ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் இருக்கும். பிடிப்பவருக்கு 3 முதல் 8 சதவீதம் வரை சாதாரணம். நிறையப் பிடிப்பவருக்கு 10-ஐயும் தாண்டும். உடம்பிலிருந்து இதில் பாதி வெளியேறவே நான்கைந்து மணி நேரம் ஆகும். காலையில் குறைந்து, ஒவ்வொரு சிகரெட்டுக்கும் ஒரு படி ஏறி, இரவில் உச்சிக்கு வரும். மாடி ஏறும்போது மூச்சு வாங்குவதற்கு வயதை மட்டும் குறை சொல்ல முடியாது.

இப்போது இயந்திரத்துக்கு வருகிறேன். கதையின் மையமே அதுதான்.

1936-ல் அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனத்தின் வேதியியலாளர்கள் ஓர் இயந்திரத்தைக் கொண்டு சிகரெட் பிடிக்க வைத்தார்கள். ஒரு இழுப்புக்கு 35 மி.லி. புகை, இழுக்க 2 நொடி, நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. மனிதர்கள் இப்படித்தான் பிடிக்கிறார்கள் என்று யாரும் அளந்து நிரூபித்து அந்த எண்களை வைக்கவில்லை. ஒரு சிகரெட்டை மற்றொன்றோடு ஒப்பிட ஏதாவது ஒரு அளவு வேண்டும், வைத்தார்கள். 1967-ல் அமெரிக்க அரசின் கூட்டாட்சி வணிக ஆணையம் தன் ஆய்வகத்தில் அதே எண்களை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு சிகரெட்டையும் இயந்திரத்தில் செருகி, பஞ்சில்லாததை 23 மி.மீ. துண்டு மிஞ்சும் வரை இழுக்கவைத்து, எத்தனை மி.கி. தார், எத்தனை மி.கி. நிக்கோட்டின் என்று பட்டியல் வெளியிட்டது. எந்த இரு மனிதரும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை, இது ஒப்பீட்டுக்கு மட்டுமே என்று ஆணையம் அப்போதே சொல்லியும் இருந்தது. ஆனால் 1971 முதல் விளம்பரங்களில் அந்த எண் வந்தபோது இந்த எச்சரிக்கை கூடவே வரவில்லை. மக்கள் அந்த எண்ணைத் தங்கள் உடம்புக்குள் போகும் அளவு என்று வாசித்தார்கள். பிஸ்கட் பொட்டலத்தில் சர்க்கரை எத்தனை கிராம் என்று பார்க்கிறோமே, அப்படி. இன்னொன்றும் கவனியுங்கள். தொடக்கத்தில் அந்தப் பட்டியலில் தாரும் நிக்கோட்டினும்தான் இருந்தன. கார்பன் மோனாக்சைடு 1980 வாக்கில்தான் சேர்ந்தது.

துண்டின் நீளத்தில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நிறைய இருக்கிறது. 1959-ல் டாலும் ஹில்லும் சகாக்களோடு சேர்ந்து ஒரு வேடிக்கையான ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மக்கள் எறிந்த சிகரெட் துண்டுகளின் நீளத்தை வைத்து நாடுகளை ஒப்பிட்டார்கள். இங்கிலாந்தில் எறிந்த துண்டு சராசரியாக சுமார் 19 மி.மீ., அமெரிக்காவில் சுமார் 31 மி.மீ. ஆளுக்குச் சராசரியாக அமெரிக்கர்தான் அதிகம் பிடித்தார். ஆனால் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு இங்கிலாந்தில்தான் அதிகம். கடைசிவரை ஒட்ட இழுப்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். சிகரெட்டில் உள்ள புகையிலையே ஒரு வடிகட்டிதான். எரிந்து குட்டையாகும்போது அந்த வடிகட்டி தேய்கிறது. அதில் முன்பு படிந்த பிசினும் சேர்ந்து எரிகிறது. காகிதத்தின் வழியே வெளியே கசிந்துபோகும் கார்பன் மோனாக்சைடும் குறைகிறது. அதனால் கடைசி இழுப்புகள் முதல் இழுப்புகளைவிடக் கனமானவை. விலை ஏற ஏற, "காசு கொடுத்து வாங்கினது" என்று விரல் சுடும் வரை இழுப்பவர்கள் வாங்குவது இந்தக் கடைசிப் பங்கைத்தான்.

பட்டியல் வந்ததும் நிறுவனங்களுக்கு வேலை எளிதாயிற்று. பிடிப்பவரின் நுரையீரலுக்குள் போவதைக் குறைக்க வேண்டியதில்லை, இயந்திரத்துக்குள் போவதைக் குறைத்தால் போதும். அதற்கு வழி, ஓட்டை. பஞ்சைச் சுற்றிய காகிதத்தில், வாய் முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுத் தள்ளி, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நுண்துளைகளை வரிசையாகப் போட்டார்கள். இழுக்கும்போது அந்தத் துளைகளின் வழியே வெளிக்காற்று நுழைந்து புகையோடு கலக்கும். மிக 'லேசான' வகைகளில் ஒரு இழுப்பில் பாதிக்கும் மேல் வெறும் காற்றுதான். இயந்திரத்துக்கு 35 மி.லி. போதும், அதில் பாதி காற்றானாலும் அது முணுமுணுக்காது. எண் இறங்கியது. பெட்டியில் 'லைட்', 'மைல்ட்', 'அல்ட்ரா லைட்' என்று எழுதினார்கள். துளை போட்டால் கார்பன் மோனாக்சைடும் இயந்திரத்தில் குறைவாகவே பதிவாகும் என்பதால், பஞ்சால் முடியாததைத் துளைகள் செய்துவிட்டன என்று தோன்றியது.

ஆனால் இயந்திரத்துக்கு விரல் இல்லை, உதடும் இல்லை. மனிதர் சிகரெட்டை எங்கே பிடிக்கிறார்? பஞ்சுப் பகுதியில். உதட்டை எங்கே வைக்கிறார்? அதே இடத்தில். லின் கோஸ்லோவ்ஸ்கி என்ற ஆராய்ச்சியாளர் 1980-ல் இதைக் கவனித்து எழுதினார். இந்த வகையைப் பிடித்தவர்களில் பலர் விரலாலோ உதட்டாலோ, சிலர் டேப் ஒட்டியும்கூட, துளைகளை அடைத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலோருக்குத் துளை இருப்பதே தெரியாது. "சரியா இழுபடல" என்று கை தானாக இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். துளை அடைபட்டால் சில நச்சுகள் இயந்திரக் கணக்கைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக வாய்க்குள் போயின.

அதே 1980-ல் பார்க்லே என்ற சிகரெட் வெறும் 1 மி.கி. தார் என்ற விளம்பரத்தோடு வந்தது. அதன் பஞ்சில் துளையோடு நான்கு நீளக் கால்வாய்களும் இருந்தன, காற்று அவற்றின் வழியே தனியாக வரும். இயந்திரம் அதை மெல்லப் பிடித்தது. மனிதர் உதடு அழுத்தியதும் கால்வாய்கள் நசுங்கி மூடிக்கொண்டன. இதை ஆணையத்திடம் போட்டுக்கொடுத்தது யார் தெரியுமா? போட்டி சிகரெட் நிறுவனங்கள்தான்! சோதித்துப் பார்த்த ஆணையம் 1983-ல், உண்மை அளவு 3 முதல் 7 மி.கி. வரை இருக்கும் என்று சொன்னது. வழக்கு நீதிமன்றம் போனது. ஒரு சிகரெட் மட்டும் பிடிபட்டது. மற்றவற்றிலும் அதே விரலும் உதடும்தான் இருந்தன என்பதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மனிதர் ஏன் அப்படி இழுக்கிறார்? பேராசை அல்ல. நிக்கோட்டின் பழகிய மூளைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ரத்தத்தில் அது சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். குறைந்தால் தலை கனக்கும், எரிச்சல் வரும். லேசான சிகரெட்டைக் கையில் கொடுத்தால் உடம்பு வேறு வழி தேடும். இழுப்பு பெரிதாகும், இயந்திரத்தின் 35 மி.லி. போய் 50, 60 ஆகும். நிமிடத்துக்கு ஒன்று என்பது இரண்டாகும். புகையை உள்ளே வைத்திருக்கும் நேரமும் கூடும். இவற்றில் எதையும் பிடிப்பவர் எண்ணிச் செய்வதில்லை.

1983-ல் கலிபோர்னியாவில் நீல் பெனோவிட்ஸும் சகாக்களும் பிடிப்பவர்களின் ரத்தத்தையே அளந்து பார்த்தார்கள். பெட்டியில் குறைந்த எண் போட்ட சிகரெட்டைப் பிடித்தவர்களின் உடம்பில் நிக்கோட்டின் குறைவாகப் போகவில்லை. 1986-ல் அதே குழு செய்த சோதனை, "குறைச்சுட்டேன் சார்" என்று சொல்லும் நண்பர்களுக்காக. நாளுக்குச் சராசரியாக 37 சிகரெட் பிடித்தவர்களை 5-ஆகக் குறைக்கச் சொன்னார்கள். எண்ணிக்கை ஏழில் ஒரு பங்கானது. ஆனால் ஒவ்வொரு சிகரெட்டிலிருந்தும் அவர்கள் இழுத்தது சுமார் மூன்று மடங்கானது. ஒரு நாளில் உள்ளே போன தாரும் கார்பன் மோனாக்சைடும் பாதிதான் குறைந்தன. பாதி குறைந்ததும் நல்லதே, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கணக்குப் போட்டவர் நினைத்த அளவுக்கு அது குறையவில்லை.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பீடி. வேலூர், குடியாத்தம் பக்கமும் நெல்லைச் சீமையிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துச் சுருட்டிய தொழில் அது. பீடியில் புகையிலை கொஞ்சம்தான், சிகரெட்டில் இருப்பதைவிடக் குறைவு. காகிதம் இல்லை, ரசாயனம் இல்லை, இலைதானே என்பது பலரின் சமாதானம். ஆனால் பீடி இலை எளிதில் எரியாது. காகிதம் போல நுண்துளை வழியே காற்று விடாது. விட்டுவிட்டால் அணைந்துவிடும். அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 1974-ல் ஹாஃப்மன், சங்வி, வைண்டர் மூவரும் இந்தியப் பீடிப் புகையையும் அமெரிக்கச் சிகரெட் புகையையும் வேதியியல் முறையில் ஒப்பிட்டார்கள். இந்த வைண்டர் எலி ஆராய்ச்சி செய்த அதே வைண்டர். கார்பன் மோனாக்சைடு, அமோனியா, ஹைட்ரஜன் சயனைடு மூன்றும் பீடிப் புகையில்தான் அதிகம் இருந்தன. பொருள் சிறியது, பிடிக்கும் விதம்தான் புகையைப் பெரிதாக்கியது. கடலோர ஆந்திராவில், ஸ்ரீகாகுளம் பக்கம், சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் பிடிக்கும் வழக்கம் பெண்களிடையே இருந்தது. காற்றில் அணையாது, சாம்பல் உதிராது, வீட்டு வேலைக்குத் தடை இல்லை என்பார்கள். அங்கே மேல் அண்ணத்தில் புற்றுநோய் அதிகமாகக் காணப்பட்டது. வேறு ஊர்களில் அரிதான இடம் அது.

அமெரிக்காவில் உண்மை ஆவணமாக வெளிவர நீண்ட காலம் பிடித்தது. 2001-ல் அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஒரு முழு நூலாகவே வெளியிட்டுச் சொன்னது, 'குறைந்த தார்' சிகரெட்டால் மக்களின் நோய்ச்சுமை குறைந்ததற்குச் சான்று இல்லை என்று. 2006-ல் கிளாடிஸ் கெஸ்லர் என்ற நீதிபதி, நிறுவனங்கள் இதை அறிந்தே விற்றன என்று தீர்ப்பு எழுதினார். 2008-ல் வணிக ஆணையம் தன் நாற்பதாண்டு இயந்திர முறைக்குக் கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. 'லைட்', 'மைல்ட்' என்ற சொற்களை ஐரோப்பிய ஒன்றியம் 2003-லும் அமெரிக்கா 2010-லும் பெட்டியிலிருந்து நீக்கின. சொல் போனதும் நிறம் வந்தது. பொன்னிறப் பெட்டி, வெள்ளிப் பெட்டி. வாங்குபவருக்கு எது 'லைட்' என்று சொல்லாமலே புரிந்தது. அதற்குள் ஆழமாக இழுத்ததன் விளைவும் தெரிய ஆரம்பித்திருந்தது. நுரையீரலின் உள் ஓரங்களில் வரும் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்றுநோய், சிகரெட்டின் அமைப்பு மாறிய அதே காலத்தில் கூடியது. 2014-ல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை, 1950-களுக்குப் பிறகு சிகரெட்டில் செய்த மாற்றங்களோடு அந்த அதிகரிப்பைத் தொடர்புபடுத்தியது.

இனி அந்தப் பால்கனி பதிலுக்கு வருவோம்.

இயந்திரம் அளந்தது எதை? வாய் முனையில் வரும் புகையை மட்டும். சிகரெட்டின் எரியும் முனையிலிருந்து, இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவே சும்மா எழும் புகை அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. இழுக்கும்போது முனை சுமார் 900 டிகிரி வரை சூடாகி எரிகிறது. இழுக்காதபோது 600 வாக்கில் புகைந்துகொண்டிருக்கிறது. குறைந்த சூட்டில், போதிய காற்றில்லாமல் புகைவது எப்போதும் அழுக்காகவே எரியும், ஈர விறகு அடுப்பு வைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு சிகரெட்டின் ஓரப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு, வாய் வழி வருவதைப் போல இரண்டரை முதல் நான்கு மடங்குக்கும் மேல். அமோனியா நாற்பது மடங்குக்கும் மேல். அதற்குப் பஞ்சும் இல்லை, துளையும் இல்லை. 'லைட்'டாக இருந்தாலும் ஓரப்புகை லேசாக இருப்பதில்லை.

இதிலும் பழக்கம்தான் அளவைத் தீர்மானிக்கிறது. விடாமல் இழுப்பவர் பெரும்பகுதியைத் தன் நெஞ்சுக்குள் வாங்கிக்கொள்கிறார். பற்றவைத்து விரலிடுக்கில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் போனில் பேசுபவர் பெரும்பகுதியை மேல்வீட்டுக்குக் கொடுக்கிறார்.

பக்கத்தில் இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதை முதலில் பெரிய அளவில் காட்டியவர் ஜப்பானின் டகேஷி ஹிராயாமா. புகை பிடிக்காத 91,540 மனைவிமார்களை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1981-ல் வெளியிட்டார். கணவர் நிறையப் பிடிக்கும் வீட்டில் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய்ச் சாவு கூடுதலாக இருந்தது. சிகரெட் நிறுவனங்கள் அந்த ஆராய்ச்சியைத் தாக்கியதில் வியப்பில்லை. ஆனால் மற்ற நாடுகளிலிருந்தும் அதே திசையில் முடிவுகள் வந்துகொண்டே இருந்தன. 1986-ல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி எவரெட் கூப், ஒரே காற்றைப் பகிரும் இடத்தில் பிடிப்பவரையும் பிடிக்காதவரையும் தனித்தனியே உட்காரவைப்பது பாதிப்பைக் குறைக்கலாம், நீக்காது என்று அறிக்கை வெளியிட்டார். 2006-ல் வந்த அறிக்கை இன்னும் தெளிவாக, இதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை, காற்றோட்டமும் வடிகட்டியும் இதைத் தீர்க்காது என்றது.

நம் நாட்டில் 1999-ல் கேரள உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பது மற்றவரின் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று தீர்ப்பளித்தது. 2001-ல் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, நூலகம், ரயில், பேருந்து போன்ற இடங்களில் தடை செய்தது. 2003-ல் மத்தியச் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத் தடை விதிகள் விரிவாக நடைமுறைக்கு வந்தன, அபராதம் 200 ரூபாய் வரை. ஒருவர் தன் பிளாட்டுக்குள்ளும் பால்கனியிலும் பிடிப்பதை அந்தச் சட்டம் தொடவில்லை. அதனால் நம்மைப் போன்ற கட்டடங்களில் இது சட்டத்தால் அல்ல, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதால்தான் தீர வேண்டியிருக்கிறது.

அடுக்குமாடியில் காற்று தனித்தனி அல்ல என்பதை நீங்கள் மீன் வறுக்கும் நாளில் பார்த்திருப்பீர்கள். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு எக்ஸாஸ்ட் பேனைப் போட்டுப் பிடித்தால், புகை டக்டுக்குள் போகிறது. டக்டில் எத்தனை வீட்டுக் குளியலறை ஜன்னல்கள் திறக்கின்றனவோ அத்தனைக்கும் அதில் பங்கு உண்டு. மாடிப்படியில் பிடித்தால் கதவிடுக்கு வழியே மேலே உள்ள வீடுகளுக்குப் போகும். ஊதுபத்தி ஏற்றினால் வாசனை மறையும், வாயு மறையாது. ஊதுபத்தியின் புகையும் கூடச் சேரும். காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கிய வீடுகள் நம்மிடையே சில இருக்கின்றன. அதன் வடிகட்டி தூசியையும் புகைத்துகளையும் பிடிக்கும், கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது. கருவுற்ற பெண் இருக்கும் வீட்டில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வயிற்றில் உள்ள குழந்தையின் ஹீமோகுளோபினில் அந்த வாயு தாயின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகமாகச் சேரும்.

உங்கள் உடம்பில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இப்போது சிகரெட்டைச் செருகும் இயந்திரம் தேவையில்லை. புகையிலை நிறுத்த உதவும் மையங்களில் கையடக்கக் கருவி ஒன்று வைத்திருப்பார்கள். சில நொடி மூச்சை அடக்கி அதில் ஊதினால், மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடின் அளவைக் காட்டும். அது நீங்கள் பிடித்த விதத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட எண். நிறுத்தி ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள் கழித்து ஊதினால் பிடிக்காதவரின் அளவுக்கு வந்திருக்கும். மற்றவை ஆற ஆண்டுகள் ஆகும், இந்த வாயு மட்டும் அவ்வளவு விரைவாக இறங்குகிறது.

நம் நாட்டுச் சிகரெட், பீடிப் பெட்டிகளில் 2018 முதல் படத்துக்குக் கீழே ஓர் எண் அச்சாகிறது. இது மி.கி. எண் அல்ல, தொலைபேசி எண். 1800-11-2356, கட்டணம் இல்லை. எங்கள் வாசகர் யாராவது கூப்பிட்டுப் பேசியிருந்தால், எப்படி இருந்தது என்று அடுத்த இதழுக்கு நான்கு வரி எழுதி அனுப்புங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போடமாட்டோம்.